சூடானதும் பொறி மங்கும் 9.9 எச்.பி. மோட்டார்

யமஹா எண்டூரோ படகு மோட்டார், 9.9 எச்.பி., மண்ணெண்ணெய் வகை, 2 ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர். அப்பா 1998-ல் வாங்கியது. குளச்சலில் ஃபைபர் வள்ளத்தில் ஓடுகிறது. மூன்று வாரமாக ஒரே பிரச்சினை: காலையில் முதல் இழுப்பிலேயே ஸ்டார்ட் ஆகிறது, 20 நிமிடம் கழித்து வேகம் குறைந்து நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் ஆறினால் மறுபடி ஓடும். போன வாரம் துடுப்புப் போட்டுத்தான் கரை சேர்ந்தோம்.

பிளக் இரண்டும் புதிது. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். டியூப், பம்ப் பல்ப், ஃபில்டர் எல்லாம் மாற்றியாயிற்று. மண்ணெண்ணெய் மேல் சந்தேகம் வந்து முழுக்கப் பெட்ரோலில் ஓட்டிப் பார்த்தேன், அப்போதும் அதே கதைதான். மோட்டாரைக் குளிர்விக்கத் தண்ணீர் இறைக்கும் இம்பெல்லர் புதிது, தண்ணீர் நன்றாகப் பீய்ச்சுகிறது.

அப்புறம் நின்ற உடனே பிளக்கைக் கழற்றி, ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்துப் பார்த்தேன். இரண்டிலும் பொறி மங்கலாக மஞ்சளாக வருகிறது. ஆறிய பிறகு பளிச்சென்று நீலம். அதனால் கோளாறு கரண்ட் பக்கம்தான் என்று நினைக்கிறேன். மெக்கானிக் மொத்தத்தையும் மாற்றச் சொல்கிறார், அவ்வளவு பணம் இப்போது கையில் இல்லை.

பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் கொடுக்கும் இக்னிஷன் காயில், பொறி வரும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் சி.டி.ஐ. பெட்டி, அதற்குக் கரண்ட் கொடுக்கும், ஃபிளைவீலுக்கு (மேலே சுற்றும் கனமான சக்கரம்) அடியில் இருக்கும் சார்ஜ் காயில், இந்த மூன்றில் எதை முதலில், மோட்டார் சூடாக இருக்கும்போதே மல்டிமீட்டர் வைத்து எப்படிச் சோதிப்பது?