ஃபிரிட்ஜும் நானும் சேர்ந்து வாசித்தோம்

வீட்டு நிகழ்ச்சியில் வாசிக்க ஒப்புக்கொண்டதும் வீட்டுக்காரர் போனில் கேட்ட முதல் கேள்வி, "ரொம்ப சத்தமா இருக்குமா?" என்பதுதான். நாம் பேசுகிற அளவைவிடக் கொஞ்சம் கூட இருக்கும், அவ்வளவுதான் என்றேன். அவர் நம்பவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. இரைச்சலை வைத்து வாசிக்கிறவன் என்றாலே காதைக் கிழித்துவிட்டுத்தான் போவான் என்று எல்லோரும் முடிவு கட்டி வைத்திருக்கிறார்கள். நம்பாமலேயே சரி என்று சொன்ன அந்த மனிதருக்கு என் நன்றி.

என்னிடம் இருந்தது ஒலிகளைக் கலக்கும் ஒரு சின்ன மிக்சர், அதிர்வை மின்சாரமாக மாற்றும் இரண்டு பீசோ வட்டுகள், அவற்றின் மெல்லிய சிக்னலைப் பெருக்க ஒரு குட்டி ப்ரீஆம்ப், கொஞ்சம் கேபிள். மிக்சரின் வெளியீட்டை எடுத்து அதன் உள்ளீட்டிலேயே செருகிவிடுவேன். நோ-இன்புட் மிக்சர் என்பார்கள். ஜப்பானைச் சேர்ந்த தோஷிமாரு நகமுரா 1990களிலிருந்து இதையே தன் வாத்தியமாக வைத்திருக்கிறார். கருவிக்குள் எப்போதும் இருக்கிற மெல்லிய இரைச்சல் சுற்றிச் சுற்றி வந்து பெருகி, ஒரு கட்டத்தில் தானாகவே பாட ஆரம்பித்துவிடும். பேஸ், ட்ரெபிள் குமிழ்களைத் திருப்பினால் சுருதி மாறும். குமிழைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய் வைத்தாலும் பழைய சத்தம் திரும்பி வருமா என்றால், பெரும்பாலும் வராது. இதில் உள்ள வம்பும் அதுதான், ருசியும் அதுதான்.

இது சொல்லாமல் கொள்ளாமல் எகிறவும் செய்யும். வீட்டில் ஸ்பீக்கருக்கும் முதல் வரிசையில் இருப்பவரின் காதுக்கும் நடுவே ஒரு கை நீளம்கூட இருக்காது. 85 டெசிபலை எட்டு மணி நேரம் கேட்கலாம் என்று வைத்தால், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான் மிஞ்சும். அதனால் சத்தத்தை ஒரு அளவுக்கு மேல் போகவிடாத லிமிட்டர் ஒன்று நடுவில் இல்லாமல் நான் யார் வீட்டிலும் பிளக்கைச் செருகுவதில்லை.

பீசோ வட்டுகளில் ஒன்றை ஜன்னல் கண்ணாடியிலும் இன்னொன்றைச் சாப்பாட்டு மேஜையின் அடியிலும் ஒட்டினேன். காற்றில் வரும் சத்தத்தை பீசோ அவ்வளவாகச் சட்டை செய்யாது, தான் ஒட்டியிருக்கும் பொருளின் அதிர்வைத்தான் பிடிக்கும். நேராக மிக்சரில் செருகினால் பேஸ் எல்லாம் போய், தகர டப்பாவைத் தட்டியதுபோல் ஆகிவிடும். உள்ளீட்டு மின்தடை 1 மெகா ஓம் உள்ள ப்ரீஆம்ப் நடுவில் இருந்தால் அதே மேஜை கனமாக முழங்கும். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் பலர் பீசோவைக் குறை சொல்லித் தூக்கிப்போடுவது இந்த ஒரு காரணத்தால்தான்.

சரி, வாசித்த கதைக்கு வருகிறேன்.

கூடம் சுமார் 4 மீட்டர் அகலம். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே அரை அலை சரியாகப் பொருந்துகிற அதிர்வெண் எதுவோ, அதில் அறையே ஒத்து அதிரும். ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால் 43 ஹெர்ட்ஸ் வரும். வீட்டுக்காரரின் ஹோம் தியேட்டர் சப்வூஃபரை வாங்கி, போனில் இருந்த, வேண்டிய அதிர்வெண்ணில் ஒலி எழுப்பும் டோன் ஜெனரேட்டரை அதில் இணைத்து, முதலிலேயே இந்த 43ஐ மெதுவாக ஏற்றினேன். சுவரோரம் உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நடுவில் இருந்தவர்கள், இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அந்த அலை சுவர்களிடம் முட்டி நிற்கும், நடுவில் கிட்டத்தட்ட ஒன்றுமே இருக்காது.

நடுவில் இருந்த ஒரு பெண் தண்ணீர் எடுக்க எழுந்து சுவர்ப் பக்கம் போனவர் அப்படியே நின்றுவிட்டார். ஓரடி பின்னால் வந்தார், மறுபடி முன்னால் போனார். அப்புறம் தோழியைக் கையசைத்துக் கூப்பிட்டார். தோழியும் வந்து சுவரில் முதுகைச் சாய்த்தார். கொஞ்ச நேரத்தில் பாதிக் கூட்டம் எழுந்து, சத்தம் எங்கே இருக்கிறது எங்கே இல்லை என்று தேடிக்கொண்டு கூடத்துக்குள் நடக்க ஆரம்பித்துவிட்டது. நான் மூன்று நிமிடத்தில் அதை நிறுத்துவதாக இருந்தேன். எங்கே நிறுத்துவது! சபா மேடையில் உட்கார்ந்து ஆயிரம் வாட் வைத்து வாசித்தாலும் இது நடக்காது. அங்கே நாற்காலியை விட்டு யாரும் எழுந்திருக்கப் போவதில்லை.

ஃபிரிட்ஜ் வந்தது அடுத்த பகுதியில். சமையலறைக்குக் கதவு இல்லை. மிக்சரைத் திறந்து மெல்லிய கீச்சொலி ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தபோது அங்கிருந்து கம்ப்ரஸர் கிளம்பியது. வீட்டுக்காரர் பதறி, பிளக்கைப் பிடுங்கலாமா என்று சைகையில் கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினேன். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடுகிற மோட்டாரின் ரீங்காரத்தில் 100 ஹெர்ட்ஸ் தூக்கலாக இருக்கும். மின்னோட்டம் ஒரு சுற்றில் இரண்டு முறை உச்சம் தொடுகிறது, காந்த இழுப்பும் அதோடு இரண்டு முறை. இது தெரிந்தால் மிக்சரின் சுருதியை இறக்கி அதன் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பது பெரிய வித்தை இல்லை. 101 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் வந்ததும் இரண்டும் சேர்ந்து நொடிக்கு ஒரு தடவை ஏறி இறங்கின. குமிழை ஒரு மயிரிழை நகர்த்தினேன், அந்த ஏற்ற இறக்கம் நீண்டது. இன்னும் கொஞ்சம், இன்னும் நீண்டது. எல்லோரும் இப்போது சமையலறைப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்க்க ஆளில்லை.

திடீரென்று தெர்மோஸ்டாட் கம்ப்ரஸரை நிறுத்திவிட்டது. ஏற்ற இறக்கம் போய் என் சத்தம் மட்டும் மொட்டையாக நின்றது. பின்வரிசையில் ஒருவர் பலமாகச் சிரித்தார், உடனே எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். ஒத்திகை பார்த்துச் செய்தீர்களா என்று பிறகு இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை.

முடிந்ததும் ஒருவர் ஆறுதல் சொல்வது மாதிரி, "சீக்கிரமே நல்ல அரங்கம் கிடைக்கட்டும்" என்றார். இந்தப் பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. 1960 டிசம்பரிலிருந்து அடுத்த ஜூன் வரை நியூயார்க்கில், சேம்பர்ஸ் தெருவில் கலைஞர் யோகோ ஓனோவின் மாடி அறையில் அவரும் இசையமைப்பாளர் லா மான்டே யங்கும் நடத்திய நிகழ்ச்சிகளை இன்றும் பேசுகிறோம். அது வாடகை மாடிதான், அரங்கம் இல்லை.

கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் பக்கத்து வீட்டுக்காரர். "இவ்வளவு நேரமா என்னமோ மிஷின் ரிப்பேர் மாதிரி கேட்டுதே, எல்லாம் சரியா?" என்றார். கச்சேரி என்று வீட்டுக்காரர் விளக்கினார். வந்தவர் என்னையும் மிக்சரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதைவிட எங்க வாஷிங் மெஷின் நல்லா வாசிக்குமே" என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். எந்த ஸ்பின்னில் என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை பீசோவோடு அவர் வீட்டுக்குப் போகிறேன்.