தாழ்த்திய 1930 ஃபோர்டு மாடல் ஏ: முன் ஆக்சில் நட்டு தரையில் உரசியிருக்கிறது, வாங்கலாமா?

ஃப்ரீமான்ட் புதுசு:

எல்லோருக்கும் வணக்கம். கலிஃபோர்னியா ஃப்ரீமான்ட்டில் இருக்கிறேன். பக்கத்து ஊரில் ஒரு 1930 மாடல் ஏ கூப்பே விலைக்கு வந்திருக்கிறது. செவர்லே ஸ்மால் பிளாக் எஞ்சின், முன்னால் 5 இன்ச் தாழ்த்திய (டிராப்) ஐ-பீம் ஆக்சில், குறுக்கே ஒரு லீஃப் ஸ்பிரிங், இரண்டாகப் பிரித்து ஃபிரேமில் மாட்டிய விஷ்போன் (ஆக்சிலைப் பின்னாலிருந்து பிடிக்கும் கைகள்). முன் டயர் 145 ஆர் 15.

"முன்பக்கம் 4 இன்ச்சுக்கு மேல் கிளியரன்ஸ் இருக்கிறது, பயமே வேண்டாம்" என்கிறார் விற்பவர். அவர் அளந்து காட்டியது கிராஸ்மெம்பரின் (ஃபிரேமின் குறுக்குச் சட்டம்) அடியை. நான் கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆக்சிலின் இரண்டு முனையிலும், சக்கரத்துக்கு உள்பக்கமாக, ஒரு பெரிய நட்டு கீழ் நோக்கி நிற்கிறது. இடது நட்டின் அடி பிறை வடிவில் தேய்ந்து பளபளக்கிறது. அதிலிருக்கும் காட்டர் பின்னின் ஒரு கால் பாதிக்கு மேல் காணோம். தரையிலிருந்து நட்டு வரை 2.75 இன்ச்தான் வந்தது.

என் வீட்டு டிரைவ்வே சரிவானது. தெருவில் வேகத்தடைகளும் உண்டு. மகளையும் உட்கார வைத்து ஓட்டப்போகிற வண்டி. ஸ்பிரிங்கை மாற்றித் தூக்கிவிட்டால் சரியாகிவிடுமா?

மூன்றாம் கியர்:

தாராளமாகத் தூக்கலாம். இப்போது அதில் இருப்பது கண் (முனையிலுள்ள வளையம்) தலைகீழாகச் சுருட்டிய ஸ்பிரிங்காக இருக்கும். சாதாரணக் கண் உள்ள மெயின் லீஃப் போட்டால் ஏறக்குறைய ஒரு இன்ச் ஏறும். அதைச் செய்துவிட்டு நிம்மதியாக ஓட்டுங்கள்.

வெல்டிங் கண்ணாடி:

தம்பி, ஸ்பிரிங் மாற்றுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். மேலே நண்பர் சொன்னபடி ஒரு இன்ச் ஏறும், உண்மைதான். ஆனால் ஏறுவது ஃபிரேம். உங்களைப் பயமுறுத்திய நட்டு ஒரு நூல்கூட ஏறாது.

அது பெர்ச் போல்ட்டின் நட்டு. ஆக்சில், விஷ்போன், ஸ்பிரிங் முனையை மாட்டும் ஷேக்கிள் மூன்றும் அந்த ஒரு போல்ட்டில்தான் சேருகின்றன. ஆக்சிலோடு இருக்கும் எதுவும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதை முடிவு செய்வது சக்கரமும் ஆக்சிலின் வளைவும்தான். ஸ்பிரிங் அதற்கு மேலே இருக்கிற சமாசாரம். அதனால் கிளியரன்ஸ் அளக்கும்போது ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே கேள்வி: இது ஃபிரேமில் தொங்குகிறதா, ஆக்சிலில் தொங்குகிறதா?

ஃபிரேமில் தொங்குபவை கிராஸ்மெம்பர், எஞ்சின் ஆயில் சம்ப், எக்ஸாஸ்ட், ஸ்டியரிங் பாக்ஸ். பள்ளத்தில் இறங்கினால் இவை கீழே வரும். ஆக்சிலுக்கும் ஃபிரேமுக்கும் நடுவே 2 இன்ச் இடம் இருந்தால், நின்றபடி 4 இன்ச் காட்டும் சம்ப் முழுதாக அமுங்கும்போது 2 இன்ச்சில் இருக்கும். நின்ற நிலையில் அளந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு 'பயமே வேண்டாம்' என்று யாரும் சொல்லக் கூடாது.

ஆக்சிலில் தொங்குபவை பெர்ச் நட்டு, விஷ்போனின் முன் கொண்டி, ஷாக் அப்சார்பரின் கீழ் மவுண்ட், இரண்டு முன் சக்கரத்தையும் சேர்த்துத் திருப்பும் டை ராட். பள்ளத்தில் இவை தாழாது. இவை தாழ்வது ஒரே ஒரு சந்தர்ப்பத்தில்தான், டயரில் காற்று போகும்போது. ஹாட் ராட் கட்டுபவர்கள் ஸ்க்ரப் லைன் பார்ப்பது இதற்காகத்தான். காற்று போனால் அந்தப் பக்க ரிம் தரையைத் தொடும், எதிர்ப்பக்க டயர் அப்படியே இருக்கும். அப்போது வண்டியைப் பொறுத்தவரை தரை என்பது இடது ரிம்மின் அடியிலிருந்து வலது டயரின் அடி வரை போகும் சாய்ந்த கோடு. மறுபக்கம் காற்று போனால் அதே கோடு எதிர்ப்பக்கமாகச் சாயும். இவைதான் ஸ்க்ரப் லைன். இந்த இரண்டு கோட்டுக்கும் கீழே ஸ்டியரிங், பிரேக், சஸ்பென்ஷன் எதுவும் வரக் கூடாது.

ஒரு மீன்பிடி நைலான் நூல் எடுத்துக்கொள்ளுங்கள். டயர்களில் சரியான காற்று, டேங்கில் பெட்ரோல், சீட்டில் உங்கள் எடையுள்ள ஒருவர். இடது ரிம் அடியில் நூலை ஒட்டி, வலது டயர் தரையைத் தொடும் இடத்துக்கு இழுத்துப் பிடியுங்கள். 145 ஆர் 15 என்றால் பாரம் ஏறிய நிலையில் ரிம் அடி தரையிலிருந்து 3.5 இன்ச் வாக்கில் இருக்கும். மாடல் ஏ-யின் டிராக் (இடது, வலது டயர்களின் நடுவுக்கு நடு தூரம்) 56 இன்ச். பெர்ச் நட்டு டயரின் நடுவிலிருந்து சுமார் 10 இன்ச் உள்ளே. அந்த இடத்தில் நூலின் உயரம் 2.9 இன்ச் அளவுக்கு வரும். உங்கள் நட்டு 2.75. அதாவது காற்று போன நொடியில் ரிம்மோடு சேர்ந்து நட்டும் ரோட்டைச் சீய்க்கும். 880 ஃப்ரீவேயில் 65 மைலில் போகும்போது இது நடந்தால், ஒரு பக்கம் இரும்பு இழுக்க வண்டி அந்தப் பக்கமே திரும்பும். ஸ்டியரிங்கைப் பிடித்து நேராக்க முடியுமா என்பது அப்புறம் அதிர்ஷ்டம்.

வண்டியின் நடுவே இதே நூல் 1.75 இன்ச்சில்தான் போகும். ஒரே 2.75 இன்ச் நடுவில் இருந்தால் நூலைத் தாண்டிவிடும், சக்கரத்துக்கு அருகில் இருந்தால் தாண்டாது. எவ்வளவு என்று கேட்பதோடு எங்கே என்றும் கேட்கச் சொல்வது அதனால்தான்.

இதற்குச் சட்டமும் இருந்தது. கலிஃபோர்னியா வாகனச் சட்டத்தின் 24008-வது பிரிவின்படி, மாற்றி அமைத்த காரில் சக்கரம் தவிர எந்தப் பாகமும் ரிம்மின் அடிமட்டத்துக்குக் கீழே வரக் கூடாது என்றிருந்தது. 1958-லிருந்து 2023 முடியும் வரை இருந்த விதி, இப்போது நீக்கிவிட்டார்கள். விதி வந்த அடுத்த ஆண்டே சான் பெர்னார்டினோவில் ரான் அகீரே தன் கார்வெட்டில் ஹைட்ராலிக் பொருத்தி, ஓடும்போது உயர்த்தவும் நிற்கும்போது இறக்கவும் வழி செய்தார். லோரைடர் (மிகத் தாழ்த்திய அலங்காரக் கார்) ஹைட்ராலிக்குக்கு அதுதான் தொடக்கம். உங்கள் நட்டு ரிம்மைவிட முக்கால் இன்ச் கீழே நிற்கிறது. அந்தப் பழைய விதிப்படியும் தேறியிருக்காது.

அந்தக் காட்டர் பின் விஷயம் இதையெல்லாம்விட அவசரம். நட்டு கழலாமல் பிடித்திருப்பது அது ஒன்றுதான், அதைத் தரை அரைத்துக்கொண்டிருக்கிறது. அதோடு வண்டியை ஒரு தெருகூட ஓட்டாதீர்கள்.

ஃப்ரீமான்ட் புதுசு:

அண்ணா, ரொம்ப நன்றி. இன்று மறுபடியும் போய் நூல் பிடித்தேன். ரிம் அடி 3.5 இன்ச், நீங்கள் சொன்னதேதான். நூல் நட்டின் அடியைத் தொட்டு மேலே வளைவதைக் கண்ணால் பார்த்தேன். விற்பவரும் குனிந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. 165 ஆர் 15 டயர் போட்டால் வண்டி உயருமே, அது போதாதா?

வெல்டிங் கண்ணாடி:

போதாது தம்பி. 165 போட்டால் சக்கர மையம் 0.6 இன்ச் ஏறும், நட்டும் ஏறும். ஆனால் டயரின் பக்கச் சுவர் உயர்ந்த அளவுக்கு ரிம்மும் தரையிலிருந்து ஏறிவிடுகிறது. காற்று போனால் அந்தக் கூடுதல் உயரம் முழுவதும் போய்விடும். டிரைவ்வேயில் உரசுவது குறையும், ஆனால் பஞ்சர் ஆனால் கிட்டத்தட்ட அதே ஆபத்துதான். உரசல் சத்தம் நின்றதும் எல்லாம் சரியாகிவிட்டதாக நினைப்போம் என்பதால் இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ரிம்மைப் பெரிதாக்கினால் உண்மையான லாபம் உண்டு. 16 இன்ச் ரிம்முக்கு மாறினால் நட்டுக்கும் ரிம் அடிக்கும் உள்ள கணக்கில் அரை இன்ச் கிடைக்கும். ரிம் அடி மட்டத்துக்கு நட்டு வர முக்கால் தேவை.

சரியான வைத்தியம் ஆக்சிலை மாற்றுவது. 5 இன்ச் டிராப்புக்குப் பதில் 4 இன்ச் டிராப் போட்டால் நட்டு 3.75-க்கு வரும். நூலையும் தாண்டும், ரிம்மையும் தாண்டும். ஃபிரேமும் ஒரு இன்ச் ஏறும். பழைய தோற்றம் வேண்டும் என்று அந்த இன்ச்சை ஸ்பிரிங் வழியாகத் திரும்ப இறக்காதீர்கள். ஆக்சில் மேலே வந்து ஃபிரேமில் இடிக்காமல் இருக்க அந்த இடம் வேண்டும்.

ஆக்சில் மாறினால் விஷ்போனும் ஒரு இன்ச் மேலே வரும், டை ராட் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரு லாக்கிலிருந்து மறு லாக் வரை ஸ்டியரிங்கைத் திருப்பி, சஸ்பென்ஷன் அமுங்கிய நிலையிலும் தொங்கிய நிலையிலும் இரண்டும் உரசுகிறதா என்று பாருங்கள். உரசினால் அதற்கென்று செய்த ஃபோர்ஜிங் ஸ்டியரிங் ஆர்ம் வாங்குங்கள். இருக்கிற ஆர்மைச் சூடாக்கி வளைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். டை ராட் எண்டைத் தலைகீழாக மாட்டலாம் என்பார்கள். அந்தத் துளை ஒரு பக்கம் குறுகும் டேப்பர். திருப்பி மாட்டினால் எண்டின் ஊசி துளையின் விளிம்பில் மட்டும் உட்காரும், நட்டு எவ்வளவு இறுக்கினாலும் ஆடிக்கொண்டே இருந்து முறியும்.

மூன்றாம் கியர்:

ஆக்சிலில் தொங்குவதையும் ஃபிரேமில் தொங்குவதையும் நான் பிரித்துப் பார்க்கவில்லை. நல்ல விளக்கம். ஒரு சந்தேகம்: புது ஆக்சில் வாங்கும்போது ஐ-பீம்தானா, டியூப் ஆக்சிலும் ஆகுமா? விலை குறைவாகக் கிடைக்கிறது.

வெல்டிங் கண்ணாடி:

பிரித்த விஷ்போன் இருக்கும் வரை ஐ-பீம்தான். ஃபோர்டு செய்தபோது விஷ்போனின் இரண்டு கையும் பின்னால் ஒரே பந்தில் சேர்ந்தன. ஒரு சக்கரம் ஏறினால் மொத்தமும் சேர்ந்து சாய்ந்துகொடுக்கும். இரண்டாகப் பிரித்து ஃபிரேமில் மாட்டிய பிறகு, ஒரு சக்கரம் ஏறும்போது ஆக்சிலே முறுக்கிக்கொள்ள வேண்டும். ஐ-பீம் முறுக்கிக்கொடுக்கும். டியூப் கொடுக்காது. அந்த முறுக்கு போய் விஷ்போனின் பிராக்கெட்டிலும் வெல்டிங்கிலும் சேரும்.

தம்பி, இதே காரணத்துக்காக உங்கள் வண்டியில் விஷ்போனின் பின் முனைகளையும் பாருங்கள். பிராக்கெட்டின் வெல்டிங் ஓரத்தில் பெயின்ட் மயிரிழை போல வெடித்திருந்தால் அது பெயின்ட் இல்லை, விரிசல். பின் முனை கழன்றால் அந்தக் குழாய் ரோட்டில் ஊன்றும். அடியில் ஒரு பாதுகாப்பு வளையம் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள், இல்லையென்றால் போடச் சொல்லுங்கள்.

ஃப்ரீமான்ட் புதுசு:

ஆக்சில், அலைன்மென்ட் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசினேன், ஒத்துக்கொண்டார். சனிக்கிழமை ஓட்டிக்கொண்டு வந்துவிடலாமா?

வெல்டிங் கண்ணாடி:

வேண்டாம், டிரெய்லரில் ஏற்றி வாருங்கள். இறக்கியதும் பெர்ச் போல்ட் இரண்டையும் கழற்றி கிராக் டெஸ்டுக்குக் கொடுங்கள், நட்டுகளையும் காட்டர் பின்களையும் புதிதாகப் போடுங்கள். அடிபட்ட இடது பக்கத்து போல்ட் தேறினால்கூட நானாக இருந்தால் மாற்றிவிடுவேன். 4 இன்ச் ஆக்சில் ஏறிய பிறகு கேஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணம்) 5 முதல் 7 டிகிரிக்குள் இருக்கட்டும், அலைன்மென்ட் முடிந்ததும் மறுபடி அதே நூல். அளவுகளை இங்கே போடுங்கள், டயர் காற்றழுத்தத்தையும் சேர்த்து.