டோக்கியோ - லாஸ் ஏஞ்சலஸ் பிளைட், மாத்திரை டைம் குழப்பம்

அம்மாவ கூட்டிட்டு ஜூலைல டோக்கியோல இருந்து லாஸ் ஏஞ்சலஸ் போறோம், டிக்கெட்ட பாத்தா சனிக்கிழமை சாயங்காலம் 5 மணிக்கு ஏறி அதே சனிக்கிழமை காலைல 11 மணிக்கு இறங்குறோம்னு போட்டிருக்கு 😄 நடுவுல தேதிக்கோட தாண்டுறோம், ரெண்டு ஊருக்கும் கோடைல 16 மணி நேர வித்தியாசம், அப்ப உண்மைல சுமார் 10 மணி நேரப் பயணம், இது வரைக்கும் கணக்கு ஓகே.

தூரம் கிட்டத்தட்ட 8,800 கிமீ, போக வர ஒண்ணுதான், ஆனா திரும்பி வர்றதுக்கு மட்டும் பதினொன்றரை மணி நேரத்துக்கு மேல காட்டுது. ஜெட் ஸ்ட்ரீம் (ரொம்ப உயரத்துல வேகமா வீசுற காத்து) மேற்குல இருந்து கிழக்க அடிக்கறதால போறப்ப தள்ளி விடும், வர்றப்ப எதுத்து நிக்கும், அதான் காரணம்.

என் பிரச்சனை அம்மாவோட பிரஷர் மாத்திரை. தினமும் நைட்டு 9 மணிக்கு போடுவாங்க, இப்ப அந்த சனிக்கிழமை நைட்டு 9 மணி ரெண்டு தடவ வருதே! டோக்கியோ மணிப்படி பிளைட்லயே குடுத்துட்டு அப்புறம் எப்ப மாத்துறது? டாக்டர்கிட்டயும் கேக்கத்தான் போறோம், ஆனா இந்த ரூட்ல வயசானவங்கள கூட்டிட்டு போனவங்க எப்படி சமாளிச்சீங்கன்னு கொஞ்சம் சொல்லுங்களேன். அப்படியே திரும்பி வர்ற நாளுக்கும் சேத்து சொன்னா புண்ணியமா போகும், அதுல ஒரு நாளே காணாம போகுது.