புதுப்பிப்பு: டோகரேவா, சி.இசட். 82-ஆ? வாங்கியாச்சு

பழைய ராணுவக் கைத்துப்பாக்கிகளில் விலை மலிவான டோகரேவ் டி.டி.-33 வாங்கலாமா, செக்கோஸ்லோவாக்கியாவின் சி.இசட். 82 வாங்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். சி.இசட். 82 வாங்கிவிட்டேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முடிவுக்குக் காரணம் தோட்டாதான். டோகரேவின் 7.62×25 தோட்டா (எண்கள் மி.மீ.-இல் அதன் அளவு) வேகமானது, ஓசையும் அதிகம்; சுடவே ஆசையாக இருக்கும். ஆனால் அதன் பழைய ராணுவத் தோட்டாக்கள் பலவற்றின் பிரைமர் (அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் பகுதி), சுட்டபின் பேரலில், அதாவது குழலில், உப்பைப் படியவிடும். அன்றைக்கே தண்ணீர் விட்டுக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் போடாவிட்டால் துரு பிடித்துவிடும். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

சி.இசட். 82-க்கு 9×18 மகரோவ் என்ற தோட்டா. புதிதாகத் தயாரித்த தோட்டாவே கிடைக்கிறது. ஆனால் 2021 செப்டம்பர் முதல் ரஷ்யத் தோட்டாக்களுக்கு அமெரிக்கா புதிய இறக்குமதி அனுமதி தருவதில்லை. முன்பிருந்த மலிவு விலையை எதிர்பார்க்காதீர்கள். அப்புறம், இதில் சாதாரண 9×19 தோட்டாவைப் போடவே கூடாது. மகரோவ் குண்டின் விட்டம் சுமார் 9.27 மி.மீ., மற்றது 9.02. இரண்டும் வேறு வேறு.

கழற்றுவது சுலபம். மேகசினை (தோட்டா அடுக்கும் பெட்டி) எடுத்து, தோட்டா ஏறும் அறை காலியா என்று பார்த்துவிட்டு, டிரிகர் கார்டைக் (டிரிகரைச் சுற்றியுள்ள வளையம்) கீழே இழுத்தால் போதும். ஸ்லைடைப் (மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதி) பின்னால் இழுத்து மேலே தூக்கினால் கையோடு வந்துவிடும். பேரல் சட்டத்தோடு நிலையாகவே இருக்கும், ஸ்பிரிங் அதைச் சுற்றியிருக்கும். பேரலின் உள்ளே குரோமியம் பூசியிருப்பதால் சுத்தம் செய்வதும் எளிது. மேகசினில் 12 தோட்டா, டோகரேவில் 8தான்.

போலந்தின் பி-64 பற்றிக் கேட்டவருக்கு: அதுவும் 9×18தான், ஆனால் முதல் குண்டுக்கு டிரிகரை இழுப்பது ரொம்பக் கடினம். கையில் பிடித்து இழுத்துப் பார்த்த பிறகு வாங்குங்கள்.