ரோரி கலஹரின்ர பிபிசி பதிவுகள்: மேடையோ ஸ்ரூடியோவோ?

பம்புக்காரன் (கிளிநொச்சி):

எல்லாருக்கும் வணக்கம். எனக்கும் என்ர மச்சானுக்கும் இரண்டு கிழமையா ஒரு கொழுவல். ஆராவது தீர்த்து வையுங்கோ.

அயர்லாந்துக் கிற்றார்காரர் ரோரி கலஹரின்ர 'பிபிசி செஷன்ஸ்', ஆள் செத்து நாலு வருசம் கழிச்சு 1999 இல வந்த இரட்டைத் தட்டு. முதலாவது சனத்துக்கு முன்னால வாசிச்சது. இரண்டாவது பிபிசி ஸ்ரூடியோவுக்குள்ள, கேக்க ஆளில்லாமல் வாசிச்சது. முதல் தட்டுதான் ரோரி, மற்றது சும்மா ஒத்திகை எண்டு மச்சான் நிக்கிறான். எனக்கு இரண்டாவதுதான்.

நான் தண்ணிப் பம்பு மோட்டருக்குக் கம்பி சுத்துற ஆள். காலமை தொடக்கம் கடையில போனில பாட்டு ஓடும். சனம் கூ அடிச்சால் எனக்குச் சுத்து எண்ணிக்கை பிழைச்சுப்போகும். இரண்டாவது தட்டில அந்தக் கரைச்சல் இல்லை. விரல் கம்பியில வழுக்கிற சத்தம் கேக்கும். பாட்டு முடிஞ்சால் முடிஞ்சதுதான், கைதட்டுக்குக் காத்துக்கொண்டு நிக்கிறேல்லை. ஒரு அறைக்குள்ள நாலு பேர் தங்கட பாட்டில வேலை செய்யிற மாதிரி. எங்கட கடை மாதிரி எண்டும் சொல்லலாம், ஆனால் எங்கட கடையில இவ்வளவு ஒற்றுமை இல்லை.

ரேடியோவுக்கெண்டு வாசிச்சது எண்டதும் ஒரு காரணம். தொண்ணூறுகளில வன்னிக்கு பற்றரி தடை, கரண்ட் எண்ட கதையே இல்லை. ஐயா சயிக்கிளைக் கவிட்டு வைப்பார், நான் பெடலைக் கையால சுத்துவன், டைனமோவில ரேடியோ கதைக்கும். இரவு பிபிசி தமிழோசைக்கு அயலட்டை முழுக்க எங்கட முத்தத்தில. என்ர கை அலுத்தால் செய்தி வாசிக்கிறவரின்ர குரல் அடங்கிப்போகும், 'சுத்தடா' எண்டு பத்துப்பேர் கத்துவினம். பிபிசி எண்டு கேட்டால் இண்டைக்கும் எனக்குத் தோள்மூட்டு உளையும்.

நீங்கள் எதைக் கேப்பியள்?

மல்லாவியான் (ஜேர்மனி):

தம்பி, மச்சான் சொல்லுறதுதான் சரி.

நான் 86 இல இஞ்ச வந்து ஒரு சாப்பாட்டுக் கடையில கோப்பை கழுவேக்க, பக்கத்தில நிண்ட ஜேர்மன்காரப் பெடியன் ஒரு கசற் தந்தவன். 1977 ஜூலையில எசன் நகரத்தில விடிய விடிய நடந்த ரொக்பலாஸ்ற் எண்ட ஜேர்மன் ரீவி இசை நிகழ்ச்சியில ரோரி வாசிச்சது. ஐரோப்பாவில கன நாடுகளுக்கு ரீவியில நேரடியாப் போனது. அவன் ரீவிக்கு முன்னால மைக்கைப் பிடிச்சுப் பதிஞ்சவன். நடுவில தாய் வந்து 'போய்ப் படு' எண்டு பேசுறதும் கசற்றில கிடக்கு. சரியா ரோரி கிற்றாரை ஏத்திக்கொண்டு போற இடம். பிறகு அதே நிகழ்ச்சியைச் சுத்தமான பதிவில கேட்டனான். தாயைக் காணேல்லை, எனக்கு உப்பில்லாத சோறு மாதிரிக் கிடந்தது.

இன்னொண்டு. 1974 ஜனவரி, வட அயர்லாந்தில பெல்ஃபாஸ்ற் நகரம் குண்டுச் சத்தத்துக்குள்ள கிடந்த காலம். வெளியில இருந்து வாற குழுக்கள் அந்தப் பக்கம் தலைவைக்கப் பயந்தவை. ரோரி போய் அல்ஸ்டர் மண்டபத்தில வாசிச்சவர். அங்கயும் டப்ளின், கோர்க்கிலயும் பிடிச்சதுதான் 'ஐரிஷ் ருவர் 74' எண்ட தட்டு. சனம் கூ அடிக்குது எண்டு குறை சொல்லுறாய். அந்தச் சனம் எப்பிடி மண்டபத்துக்கு வந்து எப்பிடி வீட்டை போய்ச் சேர்ந்திருக்கும் எண்டு கிளிநொச்சியில இருக்கிற உனக்கு நான் சொல்லோணுமே?

ஆறாம் கம்பி (வவுனியா):

நான் சேர்ச்சில கிற்றார் வாசிக்கிறனான், அந்தப் பக்கத்தால ஒண்டு சொல்லுறன்.

அவரின்ர கிற்றார் 1961 ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டோகாஸ்ரர். 1963 இல கோர்க்கில ஒரு கடையில 100 பவுணுக்குக் கடனில வாங்கினவர். வேர்வை பட்டுப் பட்டு பெயின்ற் கழண்டு மரம் வெளியில தெரியும். அதை வொக்ஸ் ஏசி 30 எண்ட அம்ப்புக்கு, அதாவது சத்தம் கூட்டுற பெட்டிக்குக் குடுப்பார். நடுவில ரேஞ்ச்மாஸ்ரர் எண்டு ஒரு சின்னப் பெட்டி, மேல் சுரங்களை உயர்த்தி அம்ப்பைக் கதற வைக்கும். அந்தக் கதறலுக்கு அம்ப்பை நல்லாக் கூட்டோணும். எங்கட சேர்ச்சில 3 க்கு மேல திருப்பினால் சுவாமி பீடத்தில நிண்டு திரும்பிப் பாப்பார்.

மற்றது, பிபிசி ஸ்ரூடியோ எண்டது அல்பம் பிடிக்கிற ஸ்ரூடியோ இல்லை. அந்தக் காலம் அவை இசைத்தட்டுப் போடுற நேரத்துக்கு ஒரு வரையறை. தட்டுக் கொம்பனிகளோடயும் வாத்தியக்காரர் சங்கத்தோடயும் செய்த ஒப்பந்தம். மிச்ச நேரத்தை நிரப்பத்தான் குழுக்களைக் கூப்பிட்டு வாசிக்க விட்டவை. ஒரே நாளில மூண்டு நாலு பாட்டுப் பிடிச்சு, அண்டைக்கே கலந்து குடுக்கோணும். பிழைச்சால் திருத்த நேரமில்லை. அதால பம்புக்காரன் அண்ணை கேக்கிறதும் ஒருவகை மேடைதான், சனம் மட்டும் ரேடியோவுக்கு அங்கால இருக்கு.

உந்த நாடாக்களை பிபிசி பெருசா மதிக்கவும் இல்லை. கனத்தை அழிச்சுத் திருப்பிப் பாவிச்சவை. மல்லாவியான் அண்ணையின்ர கூட்டாளி மாதிரி வீட்டில இருந்து பிடிச்சவையின்ர கசற்றாலதான் சில குழுக்களின்ர பதிவுகளே மிஞ்சினது. ரோரிக்கு அதிஷ்டம், 2024 இல பிபிசிப் பதிவுகள் மட்டும் 18 சீடிப் பெட்டியா வந்தது. விலையைப் பாத்துப்போட்டு நான் கணினியை மூடிட்டன்.

அண்ணை, என்ன ஹெட்போனில கேக்கிறியள்?

வட்டக்களரி:

முல்லைத்தீவுக் கோவலன் கூத்தைப் பதிஞ்சு வைக்க ஒருத்தரும் இல்லை. ஐரிஷ்காரனுக்கு இவ்வளவு பந்தி.

பம்புக்காரன் (கிளிநொச்சி):

வட்டக்களரி அண்ணை, கோவியாதையுங்கோ. போன வருசம் ஒரு கூத்தை விடியுமட்டும் இருந்து போனில பிடிச்சனான். அண்ணாவியார் பாடேக்க கச்சான்காரி விலை சொல்லுறதும் விழுந்திருக்கு. வேணுமெண்டால் அனுப்பிறன், வெட்டாமல்.

மல்லாவியான் அண்ணை, பெல்ஃபாஸ்ற் கதைக்கு என்னட்ட மறுமொழி இல்லை. அதை இரவைக்குக் கேக்கிறன், கடையில இல்லை.

தம்பி, ஹெட்போன் சந்தையில 350 ரூபாய்க்கு வாங்கினது. இடது பக்கம் செத்து ஆறு மாசம்.

ஆறாம் கம்பி (வவுனியா):

அண்ணை!! அரைவாசிப் பாட்டைக் கேட்டுப்போட்டோ தீர்ப்புச் சொன்னனீங்கள்? இடது பக்கத்தில வாறது ஒண்டுமே உங்களுக்குக் கேட்டிராது. போன் செட்டிங்கில அக்ஸசிபிலிட்டிக்குள்ள 'மோனோ ஓடியோ' எண்டு இருக்கும், அதைப் போடுங்கோ. இரண்டு பக்கமும் ஒரே காதுக்கு வரும். முதல் தட்டைத் திருப்பிக் கேளுங்கோ, பிறகு கதைப்பம்.

மல்லாவியான் (ஜேர்மனி):

மச்சான்காரன் பாவம்.

பம்புக்காரன் (கிளிநொச்சி):

போட்டன். முதல் தட்டை முதலில இருந்து கேட்டன். உதுக்குள்ள பியானோ ஒண்டு கிடக்கு! இவ்வளவு நாளும் எங்க நிண்டவன் அவன்?

ஆறாம் கம்பி (வவுனியா):

அது லூ மார்ட்டின். 1972 இல ரோரியின்ர குழுவில வந்து சேர்ந்தவர்.

பம்புக்காரன் (கிளிநொச்சி):

நல்ல மனுசன். எண்டாலும் இரண்டாவது தட்டை நான் விட்டுக்குடுக்கேல்லை. மச்சானுக்கு ஹெட்போன் கதையைச் சொல்லிப்போடாதையுங்கோ.

பியானோவைக் கேட்டுக்கொண்டிருந்ததில ஒரு மோட்டருக்கு எத்தினை சுத்துச் சுத்தினன் எண்டு தெரியேல்லை. பரந்தனில இருந்து ஆள் பின்னேரம் எடுக்க வருது. அவிட்டுப்போட்டுத் திருப்பிச் சுத்தப்போறன்.