மறு: ஃபிளையிங் கீஸ் – வாத்தா, அன்னமா, வலசையா?

குழுவினருக்கு வணக்கம்.

துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கிற குயில்ட் போர்வையில் வரும் ‘ஃபிளையிங் கீஸ்’ (பறக்கும் வாத்துகள்) என்ற முக்கோண வடிவத்துக்கு நம் சொற்பட்டியலில் என்ன தமிழ்ப் பெயர் வைப்பது என்ற இந்த விவாத இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டே மெஷினிலும் உட்கார்ந்திருந்தேன். தைத்துப் பார்க்காமல் இதற்குச் சொல் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

> ‘பறக்கும் வாத்துகள்’ என்றே போட்டுவிடலாமே. நேர் மொழிபெயர்ப்பு, குழப்பம் இல்லை.

குழப்பம் இருக்கிறது. நம் கண்ணில் படுகிற வாத்து பறப்பதில்லை. அறுத்த வயலில் மேய்ந்துவிட்டு, மேய்ப்பவர் கோலுக்கு அடங்கி ரோட்டைக் கடக்கும். போதாததற்கு ‘வாத்து மடையன்’ என்ற வசவு வேறு. தையல் வகுப்பில் ஒருத்தியைப் பார்த்து ‘உன் வாத்து கோணலா இருக்கு’ என்று சொன்னால் அன்றைக்கு வகுப்பு நடந்த மாதிரிதான்.

> அப்படியானால் அன்னம்?

அன்னத்துக்கு நியாயம் உண்டு. புறநானூறு 67இல் பிசிராந்தையார் கூப்பிடுகிற அன்னச் சேவல், குமரித் துறையில் அயிரை மேய்ந்துவிட்டு வடமலைக்குப் பறக்கிற பறவை. குளிர்காலத்தில் கூந்தன்குளத்துக்கு வந்து போகிற வரித்தலை வாத்தோடு அது நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் இன்றைக்கு அன்னம் என்றால் பாலையும் நீரையும் பிரிக்கிற காலண்டர் பறவை, இல்லாவிட்டால் இலையில் விழுகிற சோறு. ‘நாலு அன்னத் துண்டு வெட்டி வை’ என்றால் என்ன நினைப்பார்கள்?

அதனால் பறவையின் இனத்தை விட்டுவிட்டு அது செய்கிற காரியத்தைப் பிடிக்கலாம் என்று தோன்றுகிறது: வலசை, அதாவது பறவைகள் பருவம் பார்த்துக் கூட்டமாக இடம்பெயர்வது. அமெரிக்கப் பெண்கள் இந்த வடிவத்துக்குப் பெயர் வைத்தபோது பார்த்ததும் அதைத்தானே? முக்கோணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே திசையைப் பார்த்துப் போகின்றன. ஒரு துண்டு ‘வலசைக் கட்டம்’. பல துண்டுகளைச் சேர்த்துத் தைத்தால் ‘வலசை வரிசை’.

> அடிமைகளுக்குத் திசை காட்டிய வடிவம் என்பதால் ‘வழிகாட்டி’ என்று வைத்தால் வரலாறும் சேர்ந்து வரும்.

அது வேண்டாம். தப்பி ஓடிய கறுப்பின அடிமைகளுக்குக் குயில்ட் வடிவங்கள் ரகசியக் குறியாக இருந்தன என்ற கதை 1999க்குப் பிறகுதான் பெரிதாகப் பரவியது. அதற்குச் சான்றில்லை என்று வரலாற்றாளர்கள் மறுக்கிறார்கள். சந்தேகத்தில் இருக்கிற கதையைச் சொல்லுக்குள் வைத்துத் தைத்துவிட்டால் பிறகு பிரிப்பது கஷ்டம்.

பெயர் எப்படியோ போகட்டும். உறுப்புகளுக்குப் பெயர் இல்லாமல் இதை யாருக்கும் சொல்லிக்கொடுக்க முடியாது, என் கவலை அதுதான். கட்டத்தின் நீளம் அகலத்தைப் போல இரண்டு மடங்கு. நடுவில் பெரிய முக்கோணம், இரு பக்கமும் இரண்டு சிறிய முக்கோணங்கள். ஆங்கிலத்தில் தைப்பவர்கள் சிறியவற்றை வானம் என்கிறார்கள். நாமும் ‘பறவை’, ‘வானம்’ என்றே வைத்துக்கொள்வோம். பறவையின் உச்சிக்கு ‘முகடு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். நல்ல சொல்தான். ஆனால் என் பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா என் முதல் வரிசையைப் பார்த்ததும் சொன்னது, ‘எல்லாத்துக்கும் மூக்கு அறுந்துபோச்சே!’ எனக்கு அதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை. உச்சி ‘மூக்கு’. அடுத்த தையலுக்குள் அது சிக்கிக் காணாமல் போவது ‘மூக்கறுபடல்’.

மூக்கு அறுபடுவது ஏன் என்று பார்த்தால் அளவுச் சொற்களின் தேவை புரியும். தைத்து முடிந்தபின் 2க்கு 4 அங்குலம் வர வேண்டிய கட்டம், சேர்ப்பதற்கு முன் 2½க்கு 4½ இருக்கும். அப்போது மூக்குக்கு மேலே சரியாகக் கால் அங்குலம் வானம் மிஞ்ச வேண்டும். பறவையின் இரு சிறகு நுனிகளும் கீழ் மூலைகளில் போய் முட்ட வேண்டும். அந்தக் கால் அங்குலத்தை ‘மூக்கிடம்’ எனலாம். மற்ற ஓரங்களுக்கு நம் டெய்லர்கள் சொல்லும் ‘மார்ஜின்’ போதும், அதைப் போய்த் தமிழாக்கி யாரையும் திணறடிக்க வேண்டாம்.

வெட்டும் அளவுக்கு நம்மிடம் சொல் தயாராகவே இருக்கிறது. துணி வீணாகாமல் நான்கு கட்டம் எடுக்கிற முறையில் பெரிய சதுரம் ஒன்று, சிறியது நான்கு. பெரியதற்குத் தைத்து முடிந்த கட்டத்தின் நீளத்தோடு 1¼ அங்குலமும், சிறியதற்கு அகலத்தோடு ⅞ அங்குலமும் கூட்ட வேண்டும். அதாவது 5¼, 2⅞. ‘எட்டில் ஏழு’ என்று எழுத வேண்டியதில்லை. ‘இரண்டே முக்காலே அரைக்கால்’ என்று தாத்தா காலத்தில் சொன்னது இதைத்தான். ஆசாரி கணக்கில் அங்குலத்துக்கு எட்டு நூல், ஆகவே 2 அங்குலம் 7 நூல்.

சிக்கல் இங்கேதான். கால் அங்குலம் முழுசாக விட்டுத் தைத்தால் போதாது, மயிரிழை குறைய வேண்டும். துணி தையல் மேல் மடங்கித் திரும்பும்போது கொஞ்சம் அகலத்தைத் தின்றுவிடுகிறது. ‘ஒரு நூல் குறைய’ என்று எழுதினால் ஆசாரி கணக்கில் அரைக்கால் அங்குலம் போய்விடும், குடி முழுகிவிடும். ‘குறைகால்’ என்று ஒருவர் சொன்னார், அது நொண்டி மாதிரிக் கேட்கிறது. ‘இழைகுறை கால்’ என்பது என் பரிந்துரை. அந்த இழைக்கு என்ன மதிப்பு என்று கேட்கலாம். என் முதல் வரிசையில் 12 கட்டங்கள். தையல் ஒவ்வொன்றும், சேர்கிற இரண்டு துண்டிலும், அங்குலத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்குதான் உள்ளே போயிருந்தது. வரிசையோ முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் குட்டையாகிவிட்டது.

இன்னும் இரண்டு சொல் பாக்கி. ‘பயஸ்’ என்பதற்குக் ‘குறுக்கிழை’ என்று பட்டியலில் இருக்கிறது. துணியில் நீளவாக்கில் ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை, இது பாவுக்கும் ஊடைக்கும் நடுவே சாய்ந்து போவது. ‘சாய்விழை’ என்று மாற்றுங்கள். கடைகளில் ‘கிராஸ்’ என்கிறார்கள், அதுவும் புரியும். பறவையின் இரண்டு சரிவும் சாய்விழையில்தான் இருக்கின்றன, தொட்டால் நீளும். அதனால்தான் இஸ்திரி போடுகிற மாதிரி இழுத்துத் தேய்க்கக் கூடாது. பெட்டியைத் தூக்கி வைத்து, தூக்கி எடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் ‘பிரஸ்ஸிங்’ என்கிற இதைப் பட்டியலில் ‘அழுத்துதல்’ என்று மொழிபெயர்த்திருக்கிறீர்கள். ‘ஒற்றுதல்’ என்று போடலாமே? ஒத்தடம் கொடுத்த கைக்குச் சட்டென்று புரியும்.

‘வலசைக் கட்டம்’ பிடிக்காதவர்கள் மாற்றுச் சொல்லோடு வாருங்கள், பேசுவோம். மூக்கை மட்டும் விட்டுத்தர மாட்டேன்.

அன்புடன்.