வெயிட் பாக்குற டேபிள்ல மாட்டுன அனுபவம் யாருக்காச்சும் இருக்கா?

பாளை வாக்கர்:
வ.உ.சி மைதானம் பக்கம் காலைல நடக்கப் போறவங்களுக்குத் தெரியும், குடையும் டேபிளும் போட்டு "ஃப்ரீ செக்கப் சார்"னு கூப்பிடுவாங்களே, அதான். செருப்ப கழட்டிட்டு ஏறுனேன், 84 காட்டுச்சு, அது எனக்கே தெரிஞ்சதுதான். அந்தப் பொண்ணு அட்டைல எழுதிக்கிட்டே "உங்க வயசு 38, ஆனா உடம்பு வயசு 55 சார்"னு ரோட்டுக்கே கேக்குற மாதிரி சொல்லுச்சு. பின்னால நின்ன எங்க தெரு அண்ணாச்சி ஒரு சிரிப்பு சிரிச்சாரு பாருங்க... எடை கொறைக்கன்னு அவங்க விக்கிற பவுடர் டப்பா வாங்கல. ஆனா அந்த 55 மண்டைய விட்டுப் போகல.

தச்சநல்லூர் மைனி:
எனக்கு மெஷினே வேண்டாம், மாமியார் போதும். நாத்தனார் கல்யாணம் முடிஞ்சு மறுவீட்டு சொதிப் பந்தி, தேங்காப்பால் கொழம்புதான் சொதி. சோறு கொஞ்சமா வச்சு, சொதில கெடந்த முருங்கக்கா கேரட்ட பொறுக்கி இஞ்சித் துவையலத் தொட்டு சாப்ட்டுட்டு இருக்கேன், நேரா வந்து "ஏளா, சீக்காளி மாதிரி கொறிக்கியே, சம்பந்தி வீட்டுக்காரவ என்ன நெனப்பாவ"ன்னு ரெண்டு கரண்டி சோத்த எலைல தட்டிட்டாவ. மேல ஒரு கை உருளக்கெழங்கு சிப்ஸ் வேற. சம்பந்தியம்மா என்னயவே பாக்காவ. முழுசையும் தின்னேன்.

கருப்பட்டி காப்பி:
என் கத சின்னது. சுகர் பார்டர்ல இருக்குன்னு சீனிய விட்டுட்டேன்னு டயட் சொல்ற மேடம்கிட்ட பெருமையா சொன்னேன். "அப்ப காப்பிக்கு?"ன்னாங்க. உடன்குடி கருப்பட்டின்னேன். எழுதிட்டு இருந்த பேனாவ மூடி வச்சுட்டாங்க! அந்த மூடி சத்தம் இன்னும் கடுப்பாவுது. நம்ம பாட்டன் பூட்டன்லாம் கருப்பட்டி தின்னுதான இருந்தான், அவனுக்கு என்ன தொப்பையா இருந்துச்சு?

மேலப்பாளையம் மாமா:
கருப்பட்டி தம்பி, உங்க பூட்டன் பனையேறுனாரு, நீங்க லிஃப்ட்ல ஏறுதீய. சீனியோ கருப்பட்டியோ கிராமுக்கு கிட்டத்தட்ட 4 கலோரிதான், சுகரயும் ஏத்தத்தான் செய்யும். கருப்பட்டில கொஞ்சம் தாது சத்து உண்டு, ஆனா அதுக்காக நாலு காப்பி குடிச்சா கணக்கு சரியாவாது. பாளை தம்பி, அந்த மெஷின் காலு வழியா லேசா கரண்ட் விட்டு கொழுப்ப கணக்குப் போடுது, தண்ணி குடிச்சுட்டு ஏறுனா ஒண்ணு காட்டும், வேர்த்து விறுவிறுத்து ஏறுனா வேற காட்டும், உடம்பு வயசுங்கறது ஃபார்முலாவுல வர்ற நம்பர், அதுக்குப் போய் தூக்கத்த கெடுத்துக்கிடாதீய. டெய்லர் டேப்ப எடுத்து இடுப்பச் சுத்துங்க, நம்ம ஆளுகளுக்கு ஆம்பளைக்கு 90 செ.மீ, பொம்பளைக்கு 80, அதத் தாண்டுனாதான் யோசிக்கணும். பவுடர குடிச்சா மொத வாரம் சடசடன்னு எறங்கும், அதுல பாதிக்கு மேல தண்ணிதான். வாரத்துக்கு அரைக் கிலோ கொறஞ்சாலே நல்லது. ராத்திரி புரோட்டாவ நிறுத்துங்க, சால்னால மெதக்குற எண்ணெ கிராமுக்கு 9 கலோரி. எனக்கும் ஒரு அனுபவம் இருக்கு, டாக்டர் என் வயித்தத் தட்டிப் பாத்தாரு, அவ்வளவுதான்.

பாளை வாக்கர்:
மாமா, நா அட்வைஸ் கேக்கவே இல்லையே. டேப்ல 97 வருது.

கருப்பட்டி காப்பி:
நாலு காப்பின்னு நா எங்க சொன்னேன்? மூணுதான்.

தச்சநல்லூர் மைனி:
90 ஓ 80 ஓ, அத விடுங்க. வைகாசில கொழுந்தன் கல்யாணம் வருது. கரண்டியோட மாமியார் வந்து நின்னா என்ன சொல்லணும்னு மட்டும் யாராச்சும் சொல்லுங்க.